உதட்டைப் பாருங்க டாக்டரம்மா

என் வீட்டுக்காரர் பட்டாளத்துல வயர்லெஸ் ஆபரேட்டர். பத்தொன்பது வருஷம். மூணு தடவை பக்கத்துலயே குண்டு வெடிச்சு மண்டை அதிர்ந்தது. அப்பவும் ஒரு செய்தியக்கூடத் தவறவிட்டதில்லைன்னு பீத்திக்குவார். இப்போ என்ன லட்சணம்? குழாயத் திறந்தா மூட மறந்துடறார். முடி வெட்டப் போன மனுஷன் வீட்டுக்கு வழி தெரியாம மூணு மணி நேரம் சுத்தியிருக்கார்.

தலையில பட்ட அடிதான் காரணம்னு பட்டாளத்து ஆஸ்பத்திரியில எழுதிக் கொடுத்தாத்தான் வைத்தியம் பாப்பாங்க. போன தடவை "நடிக்கிறார்"னு எழுதி ஃபைலை மூடிட்டாங்க. நடிக்கிறாராம்! இவருக்கு ஒழுங்கா ஒரு பொய் சொல்ல வருமா?

இந்தத் தடவை நானும் கூடவே போய் உக்காந்தேன். டாக்டரம்மா அஞ்சு வார்த்தை சொன்னாங்க. விளக்கு, ஏணி, குதிரை, சட்டை, ஆறு. இருபது நிமிஷம் படம் வரையவெச்சுட்டுத் திரும்பக் கேட்டாங்க. கடகடன்னு ஒப்பிச்சுட்டார்.

"ஞாபகசக்தி நல்லாத்தானே இருக்கு"ன்னு பேனாவ எடுத்து எழுத ஆரம்பிச்சாங்க. இவருக்கோ பெருமை தாங்கல. எனக்குப் பத்திக்கிட்டு வந்தது.

"எழுதாதீங்க! அவர் உதட்டைப் பாருங்க. இன்னும் முணுமுணுத்துட்டே இருக்கார். எதிர்ப்பக்கம் 'கிடைச்சுது'ன்னு சொல்ற வரைக்கும் செய்திய விடமாட்டார், அது அவர் தொழில். நீங்க இன்னும் சொல்லல. சொல்லிட்டு, ரெண்டு நிமிஷம் கழிச்சுக் கேளுங்க."

"டெஸ்ட்டை அப்படியெல்லாம் மாத்தக் கூடாதும்மா."

"அப்போ நான் இங்கேருந்து எந்திரிக்க மாட்டேன். ஆளக் கூப்பிட்டு நாற்காலியோட தூக்கிப் போடுங்க."

"ஏய், மானத்த வாங்காத"ன்னார் இவர்.

"மானமாவது மண்ணாங்கட்டியாவது! சும்மா இருங்க."

டாக்டரம்மா என்னையே பாத்தாங்க. அப்புறம் அவர்பக்கம் திரும்பி, "செய்தி கிடைச்சுது"ன்னாங்க.

உதடு நின்னுடுச்சு. தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சார். ரெண்டு நிமிஷம் போச்சு.

"நான் சொன்ன அஞ்சு வார்த்தையச் சொல்லுங்க."

அவர் டாக்டரம்மாவப் பாத்தார், என்னப் பாத்தார்.

"எந்த வார்த்தை?"

நான் ஜெயிச்சுட்டேன். அவர் கையப் பிடிச்சுக்கிட்டேன்.

என் காதுகிட்ட குனிஞ்சு, "ஏதாவது செய்தியத் தவறவிட்டுட்டேனா?"ன்னு கேட்டார்.

"ஒண்ணுகூட இல்லைங்க"ன்னேன்.

டாக்டரம்மா எழுதினத அடிச்சுட்டு, வேற எழுதிக் கையெழுத்துப் போடற வரைக்கும் நான் நாற்காலிய விட்டு எந்திரிக்கல.