இறங்காதே என்று எழுதிய அப்பா

தம்பி வேலை பார்த்த சரக்குக் கப்பலைப் போர்க்கப்பல்கள் துறைமுகத்துக்கு வெளியே மறித்து நிறுத்திவிட்டன. யாருடைய சண்டையோ, நடுவில் மாட்டிக்கொண்டவன் இவன். சிக்னல் எப்போதாவதுதான் வரும். அதனால் தாளில் கடிதம் எழுதிப் படம் எடுத்து வைத்திருந்து, கிடைத்த நேரத்தில் என் போனுக்கு அனுப்புவான். மந்தாரக்குப்பத்து வாடகை வீட்டில் நான் உரக்கப் படிப்பேன்.

முதலில் எல்லாம் கிண்டல்தான். "அக்கா, தினமும் பருப்பு. உன் ரசத்தத் திட்டுனதுக்கு இப்ப அனுபவிக்கிறேன்." பிறகு குடிதண்ணீரை அளந்து கொடுக்கிறார்கள் என்று எழுதினான். பக்கத்துக் கப்பல் எரிந்ததைப் பார்த்தேன் என்றான். அடுத்த கடிதத்தில் கேட்டான்: "ஒரு படகு வருது. விருப்பப்பட்டவங்க எறங்கி ஊருக்குப் போலாம்னு கம்பெனியே சொல்லிடுச்சு. அப்பா, எறங்கிடவா?"

"எறங்கச் சொல்லுங்க. புள்ள உசுரோட வூடு வந்து சேரட்டும்" என்று அம்மா அழுதாள்.

அப்பா மசியவில்லை. ஊரை ஒட்டிய நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு, அதே சுரங்கத்தில் ஆயுசு முழுக்க கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர். இன்றைக்கு பர்மனென்ட் ஆகும், நாளைக்கு ஆகும் என்றே தலை நரைத்துப்போனது. காய்ச்சலோடும் ஷிப்டுக்குப் போவார். நடுவில் நின்றால் சீனியாரிட்டி போய்விடும். அவருக்குத் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான்.

"பாதியில வுட்டுட்டு வர்றவன எவன் பர்மனென்ட் பண்ணுவான்? கடுதாசி எழுதிக்கினு இருக்காம வேலையப் பாக்கச் சொல்லு."

"கப்பல்ல பர்மனென்ட்டே கெடையாதுப்பா. ஒவ்வொரு தடவையும் புதுக் கான்ட்ராக்ட்தான்" என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

"நீ மைன்ஸ்ல வேல பாத்தியா? சும்மா இரு!"

என் போனைப் பிடுங்கி ஒற்றை விரலால் அவரே தட்டி அனுப்பினார். 'கான்ட்ராக்ட் முடியாமல் இறங்காதே.'

அந்த முட்டாளும் கேட்டுக்கொண்டான். இறங்கியவர்கள் வீடு போய்ச் சேர்ந்த வாரமே அவன் கப்பலில் குண்டு விழுந்தது. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

வலது கை இல்லாமல் வந்தான். அம்மா அவனுடைய வெறும் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு தெருவே கேட்க அலறினாள். அப்பா தண்ணீர்ச் சொம்போடு வாசலில் நின்றார். பாவி மனுஷன், வாய் திறந்து கேட்டது இதைத்தான்:

"முடிச்சுட்டுத்தான வந்த?"

"முடிச்சுட்டேம்பா. நான் ஆஸ்பத்திரில இருக்கறப்பவே கான்ட்ராக்ட் முடிஞ்சுடுச்சு, அன்னிக்கே என் எடத்துக்கு வேற ஆள் ஏத்திட்டாங்க."