தம்பியின் எலும்புகளுக்கு வந்தவள்

லிரி ஏதென்ஸிலிருந்து வந்த பஸ்ஸை விட்டு அந்தக் கிரேக்க கிராமத்தில் இறங்கியபோது காலை ஒன்பது இருபது. பத்து மணிக்குக் கல்லறையைத் தோண்டுவார்கள் என்று ஊர் அலுவலகத்தில் போனில் சொல்லியிருந்தார்கள். புதைத்து மூன்று வருடம் ஆனால் எலும்பை எடுத்துவிடுவது இங்கே வழக்கம். அடுத்தவருக்கு இடம் வேண்டுமே. சொந்தக்காரர் வந்தால் எலும்பை ஒயினில் கழுவிப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். யாரும் வராவிட்டால் மதிலோரப் பொதுக்குழியில் கொட்டிவிடுவார்கள். அதன் பிறகு எது யாருடையது என்று எவராலும் சொல்ல முடியாது.

தம்பி பெஸ்னிக்கை அங்கே கொட்ட விடக்கூடாது. அல்பேனியாவில் அப்பாவின் சமாதிக்குப் பக்கத்தில் அம்மா இடம் விட்டு வைத்திருக்கிறாள். லிரியின் பையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல்: தம்பியின் பிறப்புச் சான்றிதழ், குடும்பச் சான்றிதழ், இரண்டுக்கும் முத்திரை குத்திய கிரேக்க மொழிபெயர்ப்பு, ஒவ்வொன்றிலும் இரண்டு நகல். அவள் எட்டாம் வகுப்போடு நின்றவள். நின்றதே அவனைப் படிக்க வைக்கத்தான். அவனும் ஏமாற்றவில்லை. வகுப்பில் முதல் ஆள். கிரீஸுக்கு வந்த ஆறே மாதத்தில் கிரேக்க மொழியைப் பிறந்ததிலிருந்து பேசியவன் மாதிரிப் பேசினான்.

அந்த நாவுதான் அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. முதல் நான்கு தோட்டங்களில் பெஸ்னிக் என்று பெயர் சொன்னான், அல்பேனியன் என்று தெரிந்ததும் கேட்டைச் சாத்தினார்கள். ஐந்தாவதில் ஸ்தெர்கியோஸ் என்றான். எல்லைக்கு அந்தப் பக்கம், அல்பேனியாவுக்குள் இருக்கும் கிரேக்க ஊர்க்காரன், ஞானஸ்நானம் வாங்கியவன், தாய் தகப்பன் உடன்பிறப்பு யாருமில்லை என்றான். அவனோடு எல்லை தாண்டியவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் ஆளுக்கொரு பெயரைச் சூடிக்கொண்டார்கள். ஆலிவ் தோட்டக்காரர் பந்தெலிஸ் அவனைச் சேர்த்துக்கொண்டார். ஆறு வருடம் கழித்து அதே தோட்டத்தில் டிராக்டர் கவிழ்ந்து செத்தான். லிரிக்குச் செய்தி வந்தபோது புதைத்து நாற்பது நாள் ஆகியிருந்தது. அப்போது ஏதென்ஸில் இருந்த அவளிடம் தங்கும் அனுமதி இல்லை. பஸ் ஏறினால் போலீஸ் பிடிக்கும் என்று பயந்து வராமலே இருந்துவிட்டாள்.

அவள் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, சொன்ன நேரத்துக்கு முன்பே குழியைத் திறந்துவிட்டிருந்தார்கள். வெள்ளைத் துணியில் எலும்புகள். கறுப்பு உடுத்திய ஒரு பெண் முட்டி போட்டு உட்கார்ந்து, அவற்றை ஒவ்வொன்றாகச் சிவப்பு ஒயினில் கழுவிக்கொண்டிருந்தாள். பந்தெலிஸின் மனைவி எவ்தோகியா. பந்தெலிஸும் ஊர்ப் பாதிரியாரும் அருகே நின்றிருந்தார்கள். பக்கத்தில் புதுத் தகரப் பெட்டி. அதன் மேல் ஸ்தெர்கியோஸ் என்று அழகான எழுத்து, ஒரு சிலுவை.

கொட்ட வரவில்லை இவர்கள். எடுத்து வைத்துக்கொள்ள வந்திருக்கிறார்கள்.

"யாரும்மா நீ?" என்றாள் எவ்தோகியா.

"அவனைத் தெரியும்மா. வேலை செஞ்ச பழக்கம்."

"வா, உக்காரு. பாவம், புள்ளைக்கு யாருமில்ல. எங்க வீட்டு எலும்புப் பெட்டிங்களோட வச்சுக்கப்போறோம்."

"யோக்கியன்னு நெனச்சுடாதே!" என்று சிரித்தார் பந்தெலிஸ். "ஈஸ்டருக்கு யாரு முட்டை உடையாம நிக்குதுன்னு முட்டுறப்போ மரமுட்டைக்குச் சாயம் பூசிக் கொண்டாந்துட்டான், திருட்டுப்பய. இந்தப் பாதிரியார் சாமியோட முட்டைகூட நொறுங்கிப் போச்சு."

பாதிரியாரும் சிரித்தார். "அன்னைக்கு எனக்கு வந்த கோவம் இருக்கே!"

"ஆனா வீட்டுச் சாவி அவன்கிட்டதான் இருக்கும்," என்றார் பந்தெலிஸ். "இந்த அல்பேனியாப் பசங்க வந்ததுலேருந்து ஊர்ல எவன் நிம்மதியாத் தூங்குறான்? எல்லாம் களவாணிங்க. இவன் நம்ம ரத்தம். பாத்தாலே தெரியும்."

லிரி பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். வாயைத் திறக்காமல் போனால் தம்பிக்குப் பெட்டி உண்டு, விளக்கு உண்டு, அழ ஒரு பெண்ணும் உண்டு. ஆனால் அவன் லிரிக்குத் தம்பி இல்லை, அம்மாவுக்கு மகன் இல்லை. பெட்டி பூட்டப்பட்டால் பெஸ்னிக் என்று ஒருவன் பிறக்கவே இல்லை. அவள் சுமந்து வளர்த்தது யாரை?

எவ்தோகியா மண்டையோட்டைக் கையில் எடுத்தாள்.

"அவனுக்கு ஆள் இருக்கும்மா," என்றாள் லிரி. "நான் அவன் அக்கா."

ஃபைலைத் திறந்து காகிதங்களை வரிசையாக நீட்டினாள். பந்தெலிஸ் வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தார். பெயர், ஊர், மதம்.

"சாமி, இவன் துருக்கிமாரு மதம், முஸ்லிம்."

"நான் பூசை வச்சிருக்கேனே இவனுக்கு!" பாதிரியார் சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஆறு வருஷம் என் மேசையில சாப்பிட்டான். எங்களப் பாத்து உள்ளுக்குள்ள சிரிச்சானா?" என்றார் பந்தெலிஸ்.

"இல்லய்யா. உங்க வீட்டப் பத்திப் பேசாத நாளே கிடையாது."

"சொல்லியிருந்தா நான் என்ன வெட்டிப் போட்டுடவா போறேன்?"

"சொல்லியிருந்தா வேலை கொடுத்திருப்பீங்களாய்யா?"

அவர் காகிதங்களை மடிக்காமல் அப்படியே திருப்பிக் கொடுத்தார். "எடுத்துட்டுப் போ. இப்பவே. எழுந்திரு எவ்தோகியா."

அவள் எழுந்திருக்கவில்லை. மண்டையோட்டைக் கடைசிவரை கழுவினாள், துடைத்தாள். லிரியின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. துணியின் நான்கு முனைகளையும் முடிச்சுப் போட்டுத் தரையில் வைத்துவிட்டு நடந்தாள்.

லிரி பெட்டியின் பக்கம் கையை நீட்டினாள்.

"அது எங்க ஸ்தெர்கியோஸுக்கு வாங்கினது," என்று பந்தெலிஸ் காலிப் பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

லிரி மாற்றுத் துணிகளை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, மூட்டையைப் பைக்குள் இறக்கினாள். இரண்டு மணி பஸ்ஸில் டிரைவர் பையைக் கீழே வைக்கச் சொன்னான்.

"உள்ள கண்ணாடிச் சாமான் இருக்கு," என்று சொல்லி மடியிலேயே வைத்துக்கொண்டாள். பக்கத்து இருக்கைக்காரி அவள் பேசிய கிரேக்கத்தில் அல்பேனிய இழுப்பைக் கேட்டதும் தன் கைப்பையை அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.