சைக்கிளை உள்ளே வைக்கும் வீடு

என் கணவரால் படுக்கையறையிலிருந்து சமையலறைக்கு ஒழுங்காக நடந்து வர முடியாது. வாசலைத் தாண்டும் இடத்தில் கால் இரண்டும் தரையோடு ஒட்டிக்கொள்ளும். சைக்கிளில் ஏற்றிவிட்டால் மட்டும் எங்கள் தெமியாங் வட்டாரத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுவார். பார்கின்சன் வந்த சிலருக்கு இப்படி இருக்கும் என்று டாக்டர் சொன்னபோது, இந்த மனுஷனுக்கு வேறு வேலை இல்லையா என்று நினைத்தேன். சீட்டைப் பிடித்துக்கொண்டே கூட ஓடி, பயந்து பயந்து கையை விட்ட அன்றுதான் நம்பினேன்.

தீபாவளி முடிந்த வாரத்தில் அவர் கேட்டார்: "எங்கியாவது ரெண்டு நாளு தங்கி சைக்கிள் ஓட்டணும். இந்த வருஷமே போயிடலாம். அடுத்த வருஷம் இந்தக் காலு என்ன சொல்லுமோ."

எதையும் வாய்விட்டுக் கேட்கிற ஆள் இல்லை அவர். கல்யாணமான புதிதில் ஒரு சட்டை வேண்டும் என்றுகூடக் கேட்டதில்லை. அதனால் போனை எடுத்துக்கொண்டு தங்குமிடம் தேட உட்கார்ந்தேன்.

சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு ஏற்ற இடம் என்று எல்லாரும் போட்டிருக்கிறார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று விசாரித்தால்தான் வண்டவாளம் தெரிகிறது. நீலாயில் ஒரு ஹோட்டலில், சைக்கிள் கீழே கார் நிறுத்தும் இடத்தில் இருக்க வேண்டும், நாங்கள் மேல் மாடியில் இருக்க வேண்டும். ஒரு மலாய்க்கார அம்மாவின் ஹோம்ஸ்டே அருமையான மரவீடு, பேச்சும் அன்பான பேச்சு. ஆனால் ஏணி மாதிரிப் படிக்கட்டு. இன்னொரு இடம் டுரியான் தோப்புக்குள்ளே. சைக்கிள் கழுவக் குழாய், பஞ்சர் ஒட்டும் சாமான், எல்லாம் உண்டு, போகிற வழிதான் செங்குத்து. அவருக்குக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே சைக்கிள் நிற்க வேண்டும். காலையில் எழுந்ததும் அதன் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டுதான் முதல் அடியை எடுத்து வைப்பார். படி இருக்கக் கூடாது. "எதுக்கு ரூமுக்குள்ள சைக்கிள்?" என்று எல்லாரும் கேட்டார்கள். விலை உயர்ந்த சைக்கிள், திருடு போய்விடும் என்று சொன்னேன். உண்மையில் அது பழைய இரும்பு. எந்தத் திருடனும் திரும்பிப் பார்க்க மாட்டான்.

நோய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாராவது வழி செய்திருப்பார்கள். சொல்ல முடியாத நிலை. மகளுக்கு வரன் பேசி முடிந்து, பரிசம் போட நாள் பார்த்துக்கொண்டிருந்தோம். அவளுக்குப் பையனை ரொம்பப் பிடித்திருந்தது. அப்பனுக்குக் கை நடுக்கம் என்று தெரிந்தால் பரம்பரை வியாதியோ என்ற பேச்சு வரும், வந்தால் போகாது. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்த அன்று, மாத்திரை நேரத்தைச் சரியாகக் கணக்குப் போட்டு, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்காரச் சொல்லி, அவரை எழுந்திருக்க விடாமல் பார்த்துக்கொண்டேன். "முட்டி வலி" என்று சொன்னேன்.

கடைசியில் ஓர் இடம் கிடைத்தது. லாபுவில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தின் ஓரம், பழைய கிராணி வீடு. கணக்கு எழுதும் கிராணிமார் குடியிருந்த கல்வீடு, எல்லாம் தரையோடு தரையாக. நடத்துகிறவர் ஒரு தமிழ் அம்மா. பயந்தது அதற்குத்தான். நம் ஆட்களிடம் பேரைச் சொன்னால் அடுத்த கேள்வி "நீங்க எந்த எஸ்டேட்?" அதற்கடுத்து "யாரு மக?" மூன்றாவது கேள்விக்குள் ஒரு சொந்தம் முளைத்துவிடும், நான்காவதில் நம் வீட்டுக் கதை கிள்ளான் வரைக்கும் போய்விடும்.

அதனால் அந்தம்மாவிடம் மலாயிலேயே பேசினேன். மலாய்க்காரி மாதிரி இழுத்து இழுத்துப் பேசியது எனக்கே வெட்கமாக இருந்தது. சைக்கிள் அறைக்குள் வரலாமா என்று கேட்டேன். "போலே, போலே," தாராளமாக வரலாம் என்றார். எனக்கு வாய் நிற்கவில்லை.

"அப்பாடா!" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "தமிழாம்மா நீங்க? இவ்ளோ நேரம் மலாய்ல கொன்னுட்டீங்களே! ராவானா மோட்டார் சைக்கிளயே ஹால்ல ஏத்தி வைக்கிற வீடு இது, சைக்கிளுக்கு என்ன வந்துச்சு? வாசல்ல சிமெண்டுல சரிவு போட்டிருக்கு, ஏறி வந்துடலாம் லா. ஆமா, நீங்க எந்த எஸ்டேட்?"

டவுனில் பிறந்தவர்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வேறு இடம் பார்க்கலாம் என்றால் வேறு இடமே இல்லை. சரிவு போட்ட வாசல் என்றதும் அவர் புதுச் சட்டையை எடுத்துப் பையில் வைத்துவிட்டார்.

சைக்கிள்களை வேனில் ஏற்றி லாபு வரை வந்து, தோட்டப் பாதையில் இறக்கினோம். நான் சீட்டைப் பிடித்துத் தள்ளிவிட, அவர் மிதித்துக்கொண்டு போனார். பனைமரங்களுக்கு நடுவே அவர் முதுகு நிமிர்ந்து போவதைப் பார்க்க, நோய் என்று நான்தான் கற்பனை செய்துகொண்டேனோ என்று தோன்றியது. அந்த ஒரு மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன்.

அந்த வீட்டு வாசலில் இறங்கியதும் கால் ஒட்டிக்கொண்டது. கையும் ஆடத் தொடங்கியது. அந்தம்மா வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்.

"அண்ணே, நீங்க எந்த எஸ்டேட்?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவரே எஸ்டேட் பேர், அப்பா பேர், எந்த லயத்து வீடு என்று எல்லாம் சொன்னார். "எனக்குப் பார்கின்சன் தங்கச்சி. நடை வராது. சைக்கிள் வரும்," என்றும் சேர்த்துச் சொன்னார்.

"அடடே, அந்த எஸ்டேட்டா! அங்கதான் என் கூட்டாளி இருந்தா," என்று அந்தம்மா ஆரம்பித்து, கூட்டாளியின் பேரையும் சொன்னார். என் மகளுக்கு மாமியாராக வரப்போகிறவளின் பேர் அது. அவளும் இந்தம்மாவும் சின்ன வயதிலிருந்தே பழக்கமாம், இன்றும் வாரம் தவறாமல் போனில் பேசுவார்களாம்.

கணவரை அறையில் உட்கார வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். அந்தம்மா கருவாட்டுக் குழம்பு கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, ஒங்களக் கும்புடுறேன். ஒங்க கூட்டாளிதான் எனக்குச் சம்பந்தியா வரப் போறவங்க. அவங்ககிட்ட சொல்லிடாதீங்க. எம்புள்ள வாழ்க்கக்கா."

அவர் அடுப்பை அணைத்தார். "நானா சொல்ல மாட்டேம்மா. ஏசு சாட்சியா சொல்ல மாட்டேன். ஆனா அவ கேட்டான்னா, எனக்குப் பொய் வராதே."

அந்தம்மா மேல் கோபம் வரவில்லை. கோபமாவது வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். குழம்பு நன்றாக இருந்தது என்று என் கணவர் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

மறுநாள் நான் குளித்துவிட்டு வந்தபோது, அவர் கட்டிலில் சைக்கிளைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். போன் மடியில் இருந்தது.

"மாப்ள அப்பாவுக்குப் போன் போட்டேன். எனக்கு இருக்கிறத சொல்லிட்டேன்."

"என்ன காரியம்ங்க பண்ணீங்க? புள்ளகிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"கேட்டேன். நம்பர் குடுத்ததே அவதான். நீங்களே பேசுங்கப்பான்னா." போனைக் கட்டிலில் வைத்துவிட்டுச் சொன்னார்: "நேத்து அந்தம்மாகிட்ட நீ கெஞ்சுனது இங்க வரைக்கும் கேட்டுச்சு. எனக்காக நீ யாரு கையயும் புடிக்க வேணாம்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"யோசிச்சு சொல்றோம்னாங்க."

நம்மவர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். கத்த வேண்டும் போலிருந்தது. மகளை நினைத்துக்கொண்டேன், நம்பரைக் கொடுத்துவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எல்லாரிடமும் மறைத்து மறைத்து, எங்கள் வீட்டில் நான் ஒருத்தி மட்டும்தான் அந்த நோய்க்கு வெட்கப்பட்டிருக்கிறேன்.

"வா, வெயிலுக்கு முந்தி போயிட்டு வந்துருவோம்," என்றார்.

சரிவில் சைக்கிளை இறக்கி, அவரை ஏற்றி, சீட்டைப் பிடித்துத் தள்ளிவிட்டேன். கால் சுற்றியது. நானும் என் சைக்கிளில் ஏறி அவர் பின்னாலேயே போனேன். முன்னால் போகிறவருக்குத் தெரியாது என்ற தைரியத்தில் அழுதுகொண்டே மிதித்தேன்.

திரும்பிப் பார்க்காமலே அவர் சொன்னார்: "அழுவுறதுன்னா நிறுத்திட்டு அழு. எறக்கம் வருது."