படங்கு தைக்கும் மிசினும் அப்பாவின் சுறா எண்ணெயும்

முருங்கனில் லொறி ஆசனங்களுக்கு உறை தைத்துவந்த ஒருவர் தொழிலை விட்டபோது, அவருடைய பெரிய தையல் மிசினை நான் வாங்கினேன். ஒரு லொறியில் நெல் மூட்டைகளின் மேல் ஏறி அது எங்கள் ஊரான பள்ளிமுனைக்கு வந்து சேர்ந்தது. இறக்க நான்கு பேர் தேவைப்பட்டார்கள். அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

“இந்த இரும்புப் பிசாசு வீட்டுக்குள்ள வரக் கூடாது.”

ஆகவே அது அப்பாவின் வலைக் கொட்டிலுக்குப் போனது. அங்கேயும் அம்மா ஒரு நிபந்தனை போட்டார்.

“மடுத் திருவிழாவுக்குப் போக இன்னும் மூண்டு கிழமை கிடக்கு. அதுக்குள்ள ஒரு கூடாரம் தைச்சுக் காட்டு. இல்லாட்டி பழைய இரும்புக்காரன் வாற அண்டைக்குக் குடுத்துப்போடுவன்.”

கூடாரம் என்று அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. முந்தைய வருடம் மடு மாதா கோயில் வளவில் கூடாரமடித்துத் தங்கியிருந்தபோது யாரும் எதிர்பாராத மழை பெய்தது. எங்கள் வாடகைக் கூடாரம் ஒழுகி, அரிசியும் பாயும் நனைந்து, அப்பாவின் அக்காவான மாமியின் கூடாரத்துக்குள் ஓடி ஒதுங்கினோம். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் மாமி அம்மாவிடம், “இந்த முறையும் என்னட்டத்தான் வருவீங்கள் போல” என்று சிரிப்பார். அம்மாவும் சிரிப்பார். வீடு வந்து சட்டி பானைகளைச் சத்தமாக வைப்பார்.

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரப் பராமரிப்புப் படித்தவள். எழுதி வைக்காமல் எதையும் தொடங்க மாட்டேன். கொப்பியின் முதற் பக்கத்தில் குறைகளை வரிசைப்படுத்தினேன். சில்லு சுற்றவில்லை. பெல்ட் வெடித்திருக்கிறது. ஊசியைப் பிடிக்கும் திருகாணி துருவில் இறுகிவிட்டது. பொபின் பெட்டிக்குள் சிலந்தி குடும்பத்தோடு இருக்கிறது. அம்மா கோபமாக இருக்கிறார். ஐந்தாவதைத் தவிர மற்றவற்றுக்குப் பக்கத்தில் ‘திருத்தலாம்’ என்று எழுதினேன்.

பத்து நாட்கள் மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கியுமாகப் போயின. கழற்றிய ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, அது இருந்த இடத்தை நகப்பூச்சால் அடையாளமிட்டேன். பதினோராம் நாள் சில்லை ஒரு விரலால் தள்ளினேன். சுற்றியது! கொட்டிலுக்குள் நானும் ஒரு சுற்றுச் சுற்றினேன். நல்லவேளை, வலைகளைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் ஊசியும் தடித்த நூலும் புதுப் பெல்ட்டும் கூடாரத்துக்கான படங்குத் துணியும் வாங்க மன்னார் கடைத்தெருவுக்குப் போனேன். திரும்பி வந்தபோது மிசின் முற்றத்து வெயிலில் பளபளத்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் அப்பா, தன் மீன்பிடி வள்ளத்துக்கு எண்ணெய் பூசும் துணியோடு.

“பாத்தியா பிள்ளை, என்ன வடிவு! எல்லா ஓட்டைக்குள்ளயும் விட்டனான். ஒரு சொட்டும் மிச்சமில்லை.”

“என்ன எண்ணெய் அப்பா?”

“எங்கட சுறா எண்ணெய்தான். வள்ளப் பலகைக்கு விட்டா வருசக்கணக்கா உப்புத் தண்ணி அண்டாது. நாலு பேரைப் பிடிச்சுத் தூக்கி வெயிலுக்க வைச்சனான், நல்லா ஊறட்டும்.”

அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து, “வடிவுதான் அப்பா” என்றேன். சுறா எண்ணெய் வெயிலில் காய்ந்து தோல்போலப் படியும். பலகையைக் காப்பாற்றுவது அந்தத் தோல்தான். ஆனால் மிசினுக்குள் அசைய வேண்டிய எல்லாவற்றையும் அதே தோல் ஒட்டிப் பிடித்துவிடும். மூன்றாம் நாள் காலையில் சில்லு அசையவில்லை. பூனைகள் மட்டும் அசைந்தன. ஒன்பது பூனைகள் மிசினைச் சுற்றி உட்கார்ந்து அதன் கால்களை நக்கிக்கொண்டிருந்தன. இரண்டு எங்கள் தெருவைச் சேர்ந்தவையே அல்ல.

அம்மா எட்டிப் பார்த்தார். “தைக்காட்டியும் பரவாயில்லை, பூனை வளக்கலாம்.”

அப்பா அன்று கடலுக்குப் போகவில்லை. பல்துலக்கியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். நான் இலக்கத்தைச் சொல்ல, அவர் அந்தத் துண்டைக் கழற்றித் தேய்த்தார்.

“பதினேழு.”

“பதினேழு வந்துட்டுது.”

“பதினெட்டு.”

“அதைப் பூனை கொண்டு போகுது, பிடி!”

பூனையைத் துரத்திக்கொண்டு தேவாலய வளவுவரை ஓடினோம். பதினெட்டு கிடைத்தது, சற்று ஈரமாக.

புறப்பட இன்னும் மூன்று நாட்கள் இருந்தபோது மிசினோடு வந்த மோட்டரை இணைத்தேன். மிதியை மெதுவாகத்தான் தொட்டேன். மிசினுக்கு மெதுவாக என்பது தெரியாது. நான்கு மடிப்புப் படங்கை விழுங்கிக்கொண்டு பாய்ந்தது. கடதாசிக்குள் இறங்குவதுபோல ஊசி இறங்கியது, தையல் நேர்கோடாக விழுந்தது. நான் கத்தினேன், அப்பா கத்தினார், பூனைகள் சிதறின. கூரையின் இரு பக்கங்கள், சுவர்கள், அடிமடிப்பு என்று நிறுத்தவே மனமில்லாமல் தைத்தேன். அந்தக் குதூகலத்தில் ஒரு நாள்கூட என் கொப்பியைத் திறந்தே பார்க்கவில்லை.

புறப்படுவதற்கு முதல் நாள் மாலை கூடாரத்தை முற்றத்தில் கட்டினோம். அம்மா உள்ளே உட்கார ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு அதைச் சுற்றி நடந்தார். மறுபடியும் சுற்றினார்.

“பிள்ளை, இதுக்குள்ள எதால போறது?”

வாசலையும் சேர்த்துத் தைத்திருந்தேன்.

அப்பா மணலில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தார். நான் பிளேடால் தையலைப் பிரித்தேன். அம்மா கதிரையோடு உள்ளே போனார். குடையையும் கொண்டுபோனார்.

“இப்ப ஊத்துங்கோ.”

அப்பா ஏணியில் ஏறினார். நான் கிணற்றிலிருந்து வாளி வாளியாகக் கொடுத்தேன். ஒன்று. இரண்டு. உள்ளே சத்தம் இல்லை. ஐந்தாவது வாளியில் குடை விரியும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டினேன். எட்டாவதில் அப்பா குனிந்து கேட்டார்.

“இஞ்சேருங்கோ, உயிரோடதான் இருக்கிறீங்களோ?”

“மேல் தையலில இன்னும் ரெண்டு வாளி ஊத்துங்கோ.”

ஊற்றினோம். பிறகு அம்மா வெளியே வந்தார். சேலை உலர்ந்திருந்தது. குடை சுருங்கியபடியே இருந்தது. கூடாரத்தின் மூலை மடிப்பை விரல்களால் இழுத்துப் பார்த்தார், மாமியின் வீடு இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“அந்த மிசின் கொட்டிலுக்க உப்புக் காத்தில கிடக்குது. எடுத்துக்கொண்டு வந்து உள்ளுக்கு வையுங்கோ.”

மூன்று பேரும் தூக்கினோம். சிரிப்பில் கை தளர்ந்து நான்கு இடத்தில் இறக்கி வைத்தோம். வீட்டு வாசலில் மிசின் பூட்டியிருந்த மேசை குறுக்கே மாட்டிக்கொண்டது. அம்மா உள்ளேயும் நானும் அப்பாவும் வெளியேயுமாக நின்றோம்.

“காலைக் கழட்டு பிள்ளை, யோசிக்காத!” என்று அம்மா உள்ளேயிருந்து அதட்டினார்.

நான் ஸ்பானர் எடுக்க ஓடினேன்.