ஆறு கிழமை தள்ளிய கலியாணம்

சத்திரசிகிச்சைத் தியேட்டருக்குப் போகும் தள்ளுவண்டியில் என் மகன் படுத்திருந்தான். அதைத் தள்ளிக்கொண்டு போனவன் நான்.

எழுபதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்தில் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியின் ஆண்கள் சத்திரசிகிச்சை வாட்டில் நான் ஆண் தாதியாக இருந்தேன். மகனுக்கு இருபத்தாறு வயது. வல்வெட்டித்துறையில் வள்ளங்கள் வைத்திருந்த ஒரு சம்மாட்டியாரின் மகளைப் பேசி, முகூர்த்தமும் குறித்தாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் அவன், முன்தோல் இறுகிப் பின்னுக்கு வராமல் வெடித்துப் புண்ணாகிறது என்று என்னிடம் சொன்னான். டொக்டர் பார்த்துவிட்டு, "வெட்டத்தான் வேணும்" என்றார்.

இதற்கு வரும் வளர்ந்த ஆண்களுக்கு நான் வழமையாகச் சொல்லும் பாடம் உண்டு. விறைக்க ஊசி போடுவார்கள், வெட்டும்போது நோகாது. ஊசி தெளிந்ததும் எரியும். வீக்கம் சில நாளில் வடியும். விளிம்பில் மஞ்சளாகப் படிவதெல்லாம் சீழ் அல்ல. தையல் நூல் தானாக உதிரும். தளர்வாகச் சாரம் கட்டுங்கள், சைக்கிள் ஓடாதீர்கள். இரத்தம் நிற்காவிட்டால், காய்ச்சல் வந்தால், சலம் கழிக்க முடியாவிட்டால் உடனே வாருங்கள். ஆறு கிழமைக்கு, அதாவது ஒன்றரை மாதத்துக்கு, மனைவியோடு சேரக்கூடாது.

மகனிடம் தொடங்கியதும் பாதி வார்த்தைகளை விழுங்கினேன்.

"மற்றாக்களுக்குச் சொல்லுற மாதிரியே சொல்லுங்கோவன் அப்பா" என்றான்.

விடியல் நடை

விடியும் நேரத்தில் நித்திரையிலேயே உறுப்பு விறைக்கும், தையல் இழுக்கும். இதை யாரும் முன்கூட்டிக் கேட்பதில்லை. எழும்பிக் குளிர்ந்த சீமெந்துத் தரையில் நடப்பதுதான் வைத்தியம். வெட்டிய மறுநாள் மகனும் சாரத்தை முன்னால் தூக்கிப் பிடித்தபடி நடந்தான்.

"தம்பி, நங்கூரத்தை மெல்லத் தூக்கும்!" என்றார் பக்கத்துக் கட்டில் குருநகர் மீனவர். வாட்டே சிரித்தது. நான் கட்டுத்துணியில் இரத்தம் கசிகிறதா என்று பார்ப்பதும் போவதும் திரும்பி வருவதுமாக இருந்தேன்.

சம்மந்தி

அன்று பின்னேரம் சம்மாட்டியார் வாழைப்பழச் சீப்போடு வந்தார்.

"சம்மந்தி, ஊரிலை ஒரு கதை. பெடியன் இஸ்லாத்துக்கு மாறுறானாம், சுன்னத்துச் செய்தாச்சாம். ஓமோ, இல்லையோ?"

"அது... சின்ன ஒரு..." என்று இழுத்தேன்.

மகன் கட்டிலில் நிமிர்ந்தான். "மாமா, மதம் மாறேல்லை. முன்தோல் இறுகிப்போச்சு, வெட்டினவை. முழுசா ஆற ஆறு கிழமை. கலியாணத்தைத் தள்ளோணும். விருப்பமில்லையெண்டால் இப்பவே சொல்லிப்போடுங்கோ."

சம்மாட்டியார் கட்டிலின் விளிம்பில் இருந்தார்.

"என்ரை தம்பிக்கும் உதுதான். கலியாணம் வேண்டாமெண்டு நிண்டவன். சாமியார் எண்டு பகிடி பண்ணினனாங்கள். போன வரியம் குடிச்சுப்போட்டுத்தான் காரணத்தைச் சொன்னவன்." குரலைத் தாழ்த்தினார். "வயது நாற்பத்தெட்டு. அவனுக்கு இனியும் வெட்டேலுமோ?"

"ஏலும்" என்றேன்.

"அப்ப கூட்டியாறன். ஆறு கிழமை எனக்குப் பெரிசில்லை."

அந்தப் பின்னேரத்துக்குப் பிறகு, இளம் தாதிகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: இதைச் சாதாரணக் குரலில், வீட்டாரும் கேட்கச் சொல்லுங்கள். நாங்கள் விழுங்கும் வார்த்தையால் ஒருவர் வாழ்நாள் முழுக்கத் தனித்துப்போகலாம்.

அடுத்த கிளினிக் நாளில் சம்மாட்டியாரின் தம்பி வந்தார். என்னைப் பார்க்கவில்லை, கட்டு மாற்ற வந்திருந்த என் மகனைத்தான் பார்த்தார்.

"நோகுமோ தம்பி?"

"ஓம், நோகும். பிறகு மாறும். வாங்கோ, நானும் கூட வாறன்."