சோறு கட்டிய துணிகள்

கிண்ணியா முனீபுக்குப் பொய் வராது. ஆனாலும் ஒரே பொய்யை இருபது வருடம் சொன்னார். நாள்கணக்கில் காட்டில் தங்கி மாடு மேய்த்தவர் அவர். மனைவி சுஹைரா சோறு கட்டிக்கொடுத்த துணி ஒன்றுகூட வீடு திரும்பியதில்லை. கேட்டால், "மாடு திண்டுட்டு" என்பார். சுஹைராவும் விடாமல் ஏசுவாள்.

இப்போது காட்டில் மேய்ப்பர்கள் தங்கிய பழைய குடில்களான வாடிகளைச் சுற்றிவரும் பாதையில் வெளியூரார் சுற்றுலாவாக நடக்கிறார்கள். போன சனிக்கிழமை சுஹைராவும் கணவருடன் போனாள். முதல் வாடியிலேயே, "முழங்கால் ஏலாது, திரும்புவம்" என்று குந்திவிட்டாள்.

அண்ணாந்தால், கூரைக் கம்பு நெடுக அவளுடைய துணிகள், வெளுத்துப்போய், வரிசையாக முடிச்சிட்டுத் தொங்கின.

"மாடு திண்டது எண்டீங்க?"

"தனியப் படுக்க ஏலாமக் கிடந்தது" என்றார் முனீப், எங்கோ பார்த்துக்கொண்டு.

சுஹைரா எழும்பினாள்.

"இன்னும் எத்தினை வாடி இருக்கு?"

"நாலு."

"நடங்க."