சொந்தக்காரர் சொன்ன பெயர்

காலை எட்டரைக்கு ஜெர்மனியின் எசன் நகரிலிருந்து புறப்பட வேண்டிய ரயில் வழமைபோலப் பிந்தியது. நான் போகவேண்டிய பீலெஃபெல்ட் நூற்றுமுப்பது கிலோமீற்றர்தான். போய்ச் சேரப் பதினொரு மணி. அருங்காட்சியக வாசலில் சித்தியின் மகள் மதி நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அங்கேதான் வேலை.

“அண்ணை, ஒரு படத்தின்ர சொந்தக்காரர் பன்னிரண்டு மணிக்கு வாறார். படத்தைத் திருப்பிக் கொண்டுபோகப் போறாராம்.”

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வசதியான குடும்பங்கள் வீட்டிலிருந்த பழைய ஓவியங்களைக் கண்காட்சிக்கு இரவல் கொடுக்கும். வரைந்தவர் யார் என்று சொந்தக்காரர் சொல்கிறாரோ, பெரும்பாலும் அந்தப் பெயரே படத்தின் கீழுள்ள சீட்டில் ஏறும். தந்தவரின் மனம் நோகக்கூடாதல்லவா. அப்படியொரு பழைய கண்காட்சியைத்தான், அதே படங்களை இரவல் வாங்கி, மதி அன்றிருந்தபடியே மறுபடி அமைத்திருந்தாள்.

பத்து யூரோ கொடுத்து உள்ளே போனவன் வாயைப் பிளந்து நின்றேன். இரத்தச் சிவப்புச் சுவர். தரையிலிருந்து கூரைவரை சட்டத்தோடு சட்டம் முட்ட ஓவியங்கள். எங்கள் பெண் செய்த வேலை என்று பெருமையாக இருந்தது. பிரச்சினைக்குரிய படத்தில் ஒரு கிழவி அப்பிள் தோல் சீவுகிறாள். தோல் சுருள் விழுந்துவிடுமோ என்று கையை நீட்டப் பார்த்தேன். கீழே சீட்டில், ‘வரைந்தவர் தெரியவில்லை’.

“சொந்தக்காரற்ற பூட்டன் அந்தக் காலத்தில ஒரு பெரிய ஓவியரின்ர பேரைச் சொல்லித்தான் தந்தவர். அதை எழுதச் சொல்லுறார். அதுக்கு ஆதாரமில்லை. எனக்குப் பொய் எழுத ஏலாது.”

“எல்லாத்தையும் அந்தக் காலம் மாதிரிச் செய்துபோட்டு, சீட்டு மட்டும் இந்தக் காலமோ? பூட்டன் சொன்னதெண்டு எழுதினால் அது பொய்யில்லையே.”

மதி அலுவலக அறைக்கு ஓடினாள். பழைய எழுத்தில் அந்த ஓவியரின் பெயரை அச்சடித்த இன்னொரு சீட்டு, ‘சொந்தக்காரர் கூறியபடி’ என்ற வரியோடு, முதலாவதை மறைக்காமல் அதற்கு மேலே ஏறியது.

பன்னிரண்டு மணிக்குச் சொந்தக்காரர் வந்தார், ஒரு கிழவர். இரண்டு சீட்டையும் வாசித்தார். பிறகு பின்னோக்கி நடந்தார், எதிர்ச்சுவர்ப் படங்களில் முதுகு முட்டப் பார்க்கும்வரை.

“எங்கள் சாப்பாட்டறை ஒடுக்கம்,” என்றார் ஜெர்மனில். “இதை இவ்வளவு தூரத்திலிருந்து நான் பார்த்ததேயில்லை.”

மதி என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“படம் இங்கேயே இருக்கட்டும். மேலே உள்ள சீட்டைப் போல எனக்கும் ஒன்று அச்சடித்துத் தருவீர்களா? வீட்டில் இந்தப் படம் தொங்கிய ஆணி சும்மா இருக்கிறது.”

திரும்பும் ரயிலும் பிந்தியது. எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இந்நேரம் வீடு போய் அந்த ஆணியில் பெயரை மாட்டியிருப்பார்.